எந்த விளக்கில் காட்டுவது?

வாய் பொய் சொல்லவில்லை, அளவுகோலும் குறையவில்லை. ஆயினும் விளக்கு பொய் சொல்லிவிட்டால் அந்தப் பழி யாரைச் சேரும்? ஜவுளிக் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வி இது.

துணிக்கென்று சொந்தமாக ஒளி கிடையாது. தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு, எஞ்சியதை நாலா பக்கமும் திருப்பியனுப்புகிறது. அவ்விதம் திரும்பி வருவதே நமக்கு நிறமாகத் தெரிகிறது. பார்வை என்பது கண்ணிலிருந்து புறப்படும் கதிரன்று, பொருளிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியே என்பதை 11-ஆம் நூற்றாண்டிலேயே பஸராவில் பிறந்த பேரறிஞர் இப்னு ஹைதம் தமது 'கிதாபுல் மனாளிர்' என்னும் நூலில் நிறுவிவிட்டார்.

விளக்கில் இல்லாத நிறத்தைத் துணி எங்ஙனம் திருப்பித் தரும்? தாழ்வழுத்தச் சோடியம் விளக்கில் மஞ்சளைத் தவிர ஏறக்குறைய வேறொன்றுமில்லை; அதனடியில் கருநீலச் சேலை வெறுங் கறுப்பாகவே தோன்றும். இதனினும் சங்கடமானது மற்றொன்று. வெவ்வேறு சாயங்களில் தோய்ந்த சேலையும் ரவிக்கைத் துணியும் கடைவிளக்கில் ஒரே நிறமாக இருக்கும்; அஞ்சடிக்குக் கொண்டுபோனால் ஒன்று பச்சையோடியிருக்கும், மற்றொன்று ஊதாவோடியிருக்கும். துணியைக் கையிலெடுத்துக்கொண்டு வாசலுக்கு நடக்கும் தாய்மார்களைக் கண்டு முகஞ்சுளிப்போர் இதை அறியாதவரல்லர்.

"பகலொளி மட்டும் உண்மையா? காலையில் ஒன்று, அந்தியில் ஒன்றாகத்தானே அதுவும் இருக்கிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அலெக்ஸாந்திரைட் என்னும் ரத்தினம் பகலில் பச்சை, பழைய குமிழ் விளக்கில் செந்நிறம். எது அதன் மெய்யான நிறம்? இரண்டுமேதான். ஆதலால் எந்த விளக்கையும் பொய் விளக்கென்று தள்ளிவிட முடியாது. இரவு விருந்துக்கு உடுத்தும் பட்டை விளக்கொளியில் காட்டுவதே முறை என்றுகூடச் சொல்வோம்.

மங்கிய இறைச்சிக்கு மேலே செந்நிற விளக்கைத் தொங்கவிடுகிறவர் கதை வேறு. அங்கே வாங்குகிறவர் நிறத்தைப் பார்ப்பது அழகுக்காகவன்று, புதியதா பழையதா என்று அறிவதற்காக. அந்தச் சாட்சியை விளக்கு கலைத்துவிடுகிறது. காய்கறி, இறைச்சி முதலியவற்றின் மெய்த்தோற்றத்தை வெளிப்படையாக மாற்றிக்காட்டும் விளக்குகளைச் சீன அரசு 2023 டிசம்பர் 1 முதல் தடைசெய்தது.

ஜவுளிக் கடைக்கு அப்படியொரு சட்டம் வேண்டியதில்லை என்பது நம் கருத்து. ரவிக்கைத் துணியை வெட்டுமுன், "வெளியே கொண்டுபோய் ஒருமுறை பார்த்துவிடுங்கம்மா" என்று கடைப்பையன் சொன்னால் போதும். சில விற்பனை கைநழுவும், வாஸ்தவம். வெட்டிய துணியைத் திருப்பி எடுப்பதில்லை என்று பலகை மாட்டியிருக்கும் கடைகளில் இதை அவசியம் சொல்லித்தான் ஆகவேண்டும்.