அடுக்களையில் அளவை

மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு. இதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் நம் தருக்க நூல்கள் கைகாட்டுகிற இடம் அடுக்களை. மணிமேகலைக்கு அறவண அடிகள் காஞ்சியில் அளவையை, அதாவது அறியும் வழிகளை, சொல்லும்போதும் அடுக்களைதான் வருகிறது. நான் கும்பகோணத்தில் கேஸ் அடுப்பு பழுது பார்த்துப் பிழைக்கிறவன். திருவாவடுதுறை ஆதீனம் நடத்தும் சைவ சித்தாந்த வகுப்பில் சிவஞான சித்தியாரின் அளவை இயலைக் கேட்டபோது, காட்சி (நேரே காண்பது), கருதல் (கண்டதை வைத்து ஊகிப்பது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றும் எனக்குப் புதிதாகப் படவில்லை. தினமும் அடுப்படியில் உட்கார்ந்து நான் புழங்குகிறவைதான்.

என் அடுக்களைகளில் நெருப்பு இருக்கும், புகை இராது. நியாய நூலார் அதையும் விட்டுவைக்கவில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை ஏது? புகை வர ஈர விறகும் சேர வேண்டும் என்றார்கள். கேஸ் அடுப்பில் அந்த ஈர விறகின் இடத்தில் இருப்பது காற்றுக் குறை. ஒரு பங்கு பியூட்டேன் முழுசாக எரிய ஏறக்குறைய 31 பங்கு காற்று வேண்டும். ஜெட்டிலிருந்து சீறி வரும் கேஸ் அதில் ஒரு பகுதியை மிக்ஸிங் டியூபுக்குள் தானே இழுத்துக்கொள்கிறது. அந்த வழியில் சிலந்தி கூடு கட்டினாலும், யாராவது ஊசியால் குத்தி ஜெட் ஓட்டையைப் பெரிதாக்கியிருந்தாலும் காற்று போதாமல் தீ மஞ்சளாகும். பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும்.

ஒரு வீட்டில் மகன் கூப்பிட்டிருந்தார். "தீ மஞ்சளா எரியுதுண்ணே, ஜெட்டை மாத்திடுங்க." வயதான அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "காலையில பால் காய்ச்சறப்ப நீலமாத்தான் எரியுது தம்பி. உப்புப் போட்டு உலை வெச்சு, அது பொங்கி வழிஞ்சாத்தான் மஞ்சளாவுது" என்றார். "நீ சும்மா இரும்மா" என்றார் மகன்.

நான் குண்டானைக் கவிழ்த்து அடியில் விரலை இழுத்துப் பார்த்தேன். விரலில் கரி இல்லை. பர்னர் மூடியின் ஓட்டைகளைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உப்பிலுள்ள சோடியம் தீயில் பட்டால் மஞ்சள் ஒளிதான் வரும். அதற்கும் காற்றுக் குறைக்கும் சம்பந்தமில்லை. மூடியை வெந்நீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து மாட்டினேன். நீலம் வந்துவிட்டது.

கருதல் எதுவரை போகும் என்பதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி. மஞ்சள் தீயைப் பார்த்து 'ஏதோ காரணம் இருக்கிறது' என்று உறுதியாகச் சொல்லலாம். இன்ன காரணம் என்று சொல்ல அது பற்றாது. அங்கேயே நின்று பழகியவர் சொல் வேண்டும். சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமும் இந்த வழியில்தான் போகிறது: உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது, ஆகவே அதற்கு ஒரு கருத்தா உண்டு. அவன் எப்படிப்பட்டவன் என்று அறிய ஆகமம் வேண்டும் என்கிறது சித்தாந்தம். முன்பெல்லாம், கருதலில் ஜெயிக்க முடியாமல்தான் உரையைத் துணைக்கு அழைக்கிறார்களோ என்று சந்தேகப்படுவேன். இப்போது அந்தச் சந்தேகம் இல்லை. அடுப்பையாவது நான் கழற்றிப் பார்த்துச் சரிபார்க்கலாம். உலகத்தை எங்கே கழற்றுவது?

ஆகம வாக்கையும் சமைக்கிற அம்மாவின் பேச்சையும் ஒரே தட்டில் வைப்பதா என்று வகுப்பில் ஒரு பெரியவர் கடிந்துகொண்டார். ஒரே தட்டில் வைக்கவில்லை, ஐயா. ஆனால் நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்து, அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புகிறவரே நம்பத்தக்கவர் என்கிறார். இந்த இலக்கணம் முனிவருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சேர்த்துச் சொல்கிறார். அந்த அம்மாவுக்கு இதில் எது குறை? அடுப்பைத் தொட்டே பார்க்காத மகன் சொன்னதைக் கேட்டு ஜெட்டை மாற்றியிருந்தால் காசுதான் வீணாகியிருக்கும்.

காட்சி ஒன்றையே அளவையாகக் கொள்கிற உலகாயதரையும் நான் இகழ மாட்டேன். கண்ணால் கண்டால்தான் நம்புவேன் என்கிற பிடிவாதம் கேஸ் கசிவில் உயிரைக் காக்கும். ரெகுலேட்டரைச் சுற்றியும் டியூப் மாட்டுகிற இடத்திலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறவர்களை நான் சத்தம் போட்டே தடுப்பேன். என் சண்டை அவர்களின் அடுத்த வாக்கியத்தோடுதான்: தெரியவில்லை, ஆகவே இல்லை. தரையில் குடம் இல்லை என்பதை அதைக் காணாததால் அறிகிறோம். இருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்கிற இடத்தில்தான் அது செல்லும். சமையல் கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. நாம் முகர்வது அதில் கலந்த மெர்காப்டனை. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். சளி பிடித்தவர் நின்றபடி மூக்கை உறிஞ்சிப் பார்த்து, வாடையே இல்லை என்று சொன்னால், அதை நம்பி நான் ஸ்விட்சைத் தொட மாட்டேன். முதலில் ஜன்னலைத் திறப்பேன்.