பெரோயா பட்டணத்தார் செய்தது என்ன?



அப்போஸ்தலர் 17-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். தெசலோனிக்கேயில் பவுல் பிரசங்கித்தபோது சிலர் விசுவாசித்தார்கள். மற்றவர்களோ கேட்கவே மனமில்லாமல் ஊரைக் கலக்கி, யாசோனுடைய வீட்டின்மேல் பாய்ந்தார்கள். அன்று ராத்திரியே பவுலையும் சீலாவையும் பெரோயாவுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. அந்த ஊர் இன்றைக்கும் கிரேக்க தேசத்தின் வடக்கே வெரியா என்ற பெயரில் இருக்கிறது.

பெரோயாவில் நடந்ததைப் பாருங்கள். வசனத்தை ஆசையோடு வாங்கிக்கொண்டார்கள். ஆனாலும் அப்படியே விழுங்கிவிடவில்லை, தினந்தோறும் வேதத்தில் தேடினார்கள். அதற்கு லூக்கா எழுதின கிரேக்க வார்த்தை, நீதிமன்றத்தில் விசாரிக்கிறதற்குச் சொல்லும் வார்த்தை. பிலாத்து இயேசுவை விசாரித்ததைச் சொல்லும்போதும் (லூக்கா 23:14) அதே வார்த்தைதான். இவர்கள் விசாரித்தது யாருடைய பிரசங்கத்தை? அப்போஸ்தலனாகிய பவுலுடைய பிரசங்கத்தை! "அபிஷேகம் பெற்ற என்னையே கேள்வி கேட்கிறீர்களா?" என்று பவுல் கோபித்துக்கொண்டாரா? இல்லையே! இவர்கள் நற்குணமுள்ளவர்கள் என்றல்லவா லூக்கா எழுதுகிறார்.

அவர்களுக்கு ஆளுக்கொரு பைபிள் கிடையாது. ஜெப ஆலயத்துச் சுருள்கள்தான், அதிகார எண், வசன எண் எதுவும் இல்லை. நமக்கோ தரங்கம்பாடியில் 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி 300 வருஷம் தாண்டிவிட்டது.

ஏன் இதைச் சொல்லுகிறேன்? நம் சபையில் ஒரு தாயார் பல வருஷமாய் சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ஒரு கூட்டத்தில் வெளியூர் ஊழியர் ஒருவர், விசுவாசிக்கு மாத்திரை எதற்கு, தூக்கி எறி என்று பிரசங்கித்தாராம். மறுநாள் காலையில் மாத்திரை டப்பாவோடு வந்துவிட்டார்கள். "பாஸ்டர் ஐயா, கர்த்தரே என்கிட்ட பேசின மாதிரி இருக்கு. விட்டுறட்டுமா?" கூட வந்த மகனோ, "அவரு கள்ளப் போதகருய்யா. இனிமே எந்தக் கூட்டத்துக்கும் அம்மாவ அனுப்ப மாட்டேன்" என்று கொதித்தான். இரண்டு பேருமே வேதத்தைத் திறக்கவில்லை, கவனித்தீர்களா?

"அம்மா, மாத்திரையைப் போட்டுக்கோங்க. தம்பி, நீயும் உட்காரு. அவர் சொன்னதை வேதத்துல பார்ப்போம்" என்றேன். மூன்று சாயங்காலம் உட்கார்ந்தோம். மாற்கு 16-ஐயும் யாக்கோபு 5-ஐயும் மகனே வாசித்தான். வியாதியஸ்தர்மேல் கை வைப்பது, எண்ணெய் பூசி ஜெபிப்பது எல்லாம் இருக்கிறது. "இது நம்ம பைபிள்லயே இருக்காய்யா?" என்றான். இருக்கிறது, நான் விசுவாசிக்கிறேன், சுகத்தையும் கண்டிருக்கிறேன். ஆனால் மருந்தை எறி என்று அங்கே இல்லை. பிறகு 2 இராஜாக்கள் 20. எசேக்கியாவுக்கு 15 வருஷம் கூட்டிக்கொடுப்பதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பிளவையின்மேல் போட்டார்கள். பவுலைப் பாருங்கள். அவர் சரீரத்திலிருந்து கொண்டுபோன துணிகளாலே எபேசுவில் வியாதிகள் நீங்கின. அவரே துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தார் (2 தீமோ. 4:20). துரோப்பீமுவுக்கு விசுவாசம் இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினாரா?

தாயார் கடைசியில், "டாக்டரே டெஸ்ட் பார்த்து மாத்திரை வேண்டாம்னு சொல்லட்டும், அன்னைக்கு சபையில சாட்சி சொல்றேன். அதுவரைக்கும் மாத்திரையும் உண்டு, ஜெபமும் உண்டு" என்றார்கள். மகன் இப்போது வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு அவர்களைத் தானே பைக்கில் கொண்டுவந்து விடுகிறான். வாசலோடு போய்விடுகிறான், அது வேறு விஷயம்!

தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணாதிருங்கள், ஆனாலும் எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று பவுல் எழுதினது யாருக்குத் தெரியுமா? அந்தத் தெசலோனிக்கே சபைக்கேதான் (1 தெச. 5:20, 21). அடுத்தடுத்த வசனங்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விடுகிறவர்கள் நம்மிடையே அநேகர்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள். நான் சொல்லும் வசனத்தைக் குறித்துக்கொண்டு, வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் வாசியுங்கள். சந்தேகம் இருந்தால் வந்து கேளுங்கள். விசாரித்துப் பார்த்த பெரோயாவில் அநேகர் விசுவாசித்தார்கள், கனமுள்ள கிரேக்க ஸ்திரீகளும் அதில் உண்டு. அந்த ஊர்க்காரனாகிய சோபத்தர் என்பவர் பிற்பாடு பவுலோடுகூடப் பிரயாணம் பண்ணினவர்களில் ஒருவர் (அப். 20:4).