அல்லி அரிசியும் ஏகாதசியும்

எங்கள் தர்மபுரித் தெருவில் குடியிருக்கும் வடநாட்டுக் குடும்பம் நவராத்திரி ஒன்பது நாளும் அரிசி, கோதுமையைத் தொடாது. சிங்காடா மாவில் பூரி சுட்டு எனக்கும் கொடுத்தனுப்புவார்கள். சிங்காடா குளத்தில் மிதக்கும் கொடியின் காய், கொம்பு முளைத்திருக்கும். தோலை உரித்து, வெள்ளைப் பருப்பை உலர்த்தி அரைக்கிறார்கள். தானியமல்ல என்பதால் அது விரதத்துக்கு ஆகும்.

நானும் ஏகாதசியன்று அரிசியை விலக்குகிறவள். கோட்டை பரவாசுதேவப் பெருமாளைச் சேவித்துவிட்டுப் பாலும் பழமுமாக இருப்பேன். ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. புண்ணியம் எதில் இருக்கிறது, உண்ணும் பொருளிலா?

காஷ்மீரின் வூலர் ஏரிக்கரை ஏழைகள் ஒரு காலத்தில் மாதக்கணக்காக இதே சிங்காடாக் காயைத் தின்றுதான் வயிற்றைக் கழுவினார்கள். அதை எவரும் நோன்பென்று போற்றவில்லை.

புறநானூற்றின் 248-ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தனார் ஒரு கைம்பெண்ணைப் பேசவைக்கிறார். இளமையில் அவள் தழையாடைக்கு உதவியது வெள்ளாம்பல் என்னும் அல்லி. கணவன் இறந்தபின், பொழுது தப்பி அவள் உண்ணும் புல்லரிசியைத் தருவதும் அதே ஆம்பல்தான். ஊர் அதைக் கைம்மை நோன்பு என்றது. அந்த நோன்பை அவளா வேண்டி ஏற்றாள்? அவளுக்கு நேர்ந்ததைத் தவம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில், அன்று சேலம் ஜில்லாவில் சேர்ந்திருந்த எங்கள் சீமையும் பட்டினியில் துடித்தது. உண்ண இருந்தும் உண்ணாமலிருப்பவனுக்கே விரதம் உண்டு. இல்லாதவன் கிடப்பது பட்டினி. அவனிடம் போய் உபவாசத்தின் பெருமையைச் சொல்வது பாவம். 1867-இல் வடலூரில் தருமசாலையின் அடுப்பை மூட்டிய வள்ளலார், பசி தீர்ப்பதையே வழிபாட்டின் தலையில் வைத்தார்.

ஏகாதசிக்கு மறுநாள் விரதத்தை முடித்து உண்ணும் துவாதசிப் பாரணையில் நெல்லிக்காய் சேர்ப்போம். அன்று தகடூர் எனப்பட்ட இந்தத் தர்மபுரியை ஆண்ட அதியமான் தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். தின்னாமல் அடுக்குப்பானையில் ஒளித்துவைத்திருந்தால் அதை யார் அறமென்பார்கள்? அவன் விலக்கியது இன்னொருவரை வாழவைக்கப் போனது. நான் ஏகாதசியன்று உலையிலிடாத அரிசி பசித்த ஒரு வீட்டுக்குப் போய்ச்சேரும்வரை என் விரதமும் பாதிதான். அதை அளந்து கொடுத்த பிறகே பாரணைக்கு உட்கார வேண்டும்.