பிறேக் யாருக்குச் சொந்தம்?

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் உள்ள சிறிய கராஜ் ஒன்றில் சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க நேர்ந்தது. மீன் ஏற்றும் பழைய பிக்கப் வண்டியொன்று பின்புறம் உயர்த்தப்பட்டு மரக்குற்றிகளின்மேல் நின்றது. சில்லுகளையும் பிறேக் டிரம்களையும் கழற்றிப் பார்த்தபோது பழுது வெளிப்பட்டது. பின் அக்சிலின் ஒயில் சீல் தேய்ந்து, டிபரன்சல் எண்ணெய் கசிந்து, பிறேக் லைனிங்கை முற்றாக நனைத்திருந்தது.

"தம்பி, இந்த முறை பெற்றோலில கழுவிப் போட்டுவிடுங்கோ. அடுத்த மாதம் புதுசு வாங்கித் தாறன்" என்றார் வண்டிக்காரர்.

மெக்கானிக் உடனே விடை கூறவில்லை. கந்தைத் துணியில் விரல்களைத் துடைத்தபடி சிறிது நேரம் நின்றார். பின்னர், "அண்ணை, வண்டி உங்கடைதான். பிறேக் உங்களுக்கு மட்டுமே சொந்தம்?" என்று கேட்டார்.

உடைமையைப் பற்றிய தத்துவ விசாரங்கள் பல நிகழ்ந்துள்ளன. ஆயினும் அந்த எளிய தொழிலாளியின் கேள்வியைப் போல என்னைச் சிந்திக்க வைத்தவை சிலவே. என் வீட்டுக் கூரை ஒழுகினால் நனைபவன் நான். என் செருப்பு அறுந்தால் நோவது என் கால். பிறேக்கின் நிலை வேறு. அதனால் உயிர் தப்புகிறவர் பெரும்பாலும் வண்டிக்காரருக்கு முன்பின் தெரியாதவர். கிண்ணியாவில் வீதியைக் கடக்கும் பள்ளிச் சிறுமியாக அவர் இருக்கலாம். தம்பலகாமத்து வயலிலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் கமக்காரராகவும் இருக்கலாம். விலை கொடுத்து வாங்கியவர் ஒருவர்; அதை நம்பி வாழ்பவர் வேறொருவர். அந்த வேறொருவர் பேரம் நடக்கும் இடத்தில் இருப்பதில்லை. அவருக்காகப் பேச அங்கே இருப்பது மெக்கானிக்கின் மனச்சாட்சி ஒன்றே.

இத்தொழிலில் பொய் சொல்வது மிக எளிது. கழுவிய லைனிங் உலர்ந்ததும் புதியதைப் போலவே தோன்றும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் வண்டி ஒழுங்காக நிற்கும். ஆனால் லைனிங்கின் உள்ளே ஊறிய எண்ணெய் சூடேறும்போது மீண்டும் மேலே வரும். கந்தளாயைக் கடந்து ஹபரணைக் காட்டுவழியில், நள்ளிரவில், யானை குறுக்கே வரும் கணத்தில்தான் அந்தப் பொய் வெளிப்படும்.

அக்சிலையே மாற்றுவதென்றால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பாவித்த அக்சில் ஒன்றை வாங்கி வந்து பொருத்திவிடலாம். அதன் அகலமும் பற்சில்லு விகிதமும் பொருந்த வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். வீல் சிலிண்டரின் பருமனை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பிறேக் அழுத்தும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது, பின்சில்லுகள் இலேசாகின்றன. பின் பிறேக்கின் வலு அளவுக்கு மிஞ்சினால், வெறும் வண்டியில் பின்சில்லுகள் முதலில் இறுகிவிடும். வண்டி சுழன்று பாதையை விட்டு விலகும். இதைத் தவிர்க்கவே, பாரத்திற்கேற்பப் பின் பிறேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு பல பிக்கப்களில் உண்டு. அக்சிலோடு அதனை இணைக்கும் கோல் பொருந்தாவிட்டால், கம்பியால் கட்டிவிட்டு வேலையை முடிப்போரும் உளர். வாடிக்கையாளர் குனிந்து பார்க்கப் போவதில்லை அன்றோ!

இங்கே நேர்மையான மறுப்பொன்று எழுகிறது. வறியவனிடம் அறம் பேசுவது யாருக்கும் எளிது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. பிரித்தானியர் கட்டிய மாபெரும் எண்ணெய்க் குதங்கள் நிற்கும் இதே மாவட்டத்தில் மக்கள் எரிபொருளுக்காக வரிசையில் நின்றனர். கிழ வண்டிக்கு உயிரூட்டி ஓட்டுவதைத் தவிர அந்த மீன் வியாபாரிக்கு வேறு வழி எது? குளிரூட்டிய அறையில் எடுக்கப்பட்ட முடிவுகளின் சுமையை அவர் பிறேக்கில் குறைத்துச் சரிக்கட்டுகிறார்.

இம்மறுப்பில் உண்மையுண்டு. பிறேக் எண்ணெய் இயங்கும் விதியை 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டார்: அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எத்திசையும் குறையாமற் பரவும். நம் சமுதாயத்தில் நெருக்கடி அவ்வாறு பரவுவதில்லை. நலிந்தவன் தலையிலேயே இறங்குகிறது. ஆயினும், சமுதாயம் பிழையானது என்று கூறி லைனிங்கைக் கழுவிப் பூட்டலாமா? வீதியில் விழப்போகும் சிறுமியும் நலிந்தவள்தானே! ஓர் ஏழையின் இடரை இன்னோர் ஏழையின் உயிரால் தீர்ப்பது சுரண்டலுக்கு எதிரான செயலாகாது. சுரண்டலைக் கீழ்நோக்கிக் கைமாற்றும் செயலே ஆகும்.

அதேவேளை, மெக்கானிக்கின் நேர்மையை மட்டும் புகழ்ந்து நாம் வீடு திரும்பவும் கூடாது. அவர் மறுத்தால் வண்டி அடுத்த கராஜுக்குப் போகும். நேர்மையாளன் கூலியை இழப்பான். ஆபத்தோ அப்படியே இருக்கும். தனிமனித அறத்திற்குத் தண்டம் விதிக்கும் ஏற்பாடு நெடுநாள் நிலைக்காது. வலைக்கும் படகு இயந்திரத்திற்கும் கடன் கொடுக்க வேண்டுமென்று கூட்டுறவுச் சங்கங்களிடம் நாம் கேட்கிறோம். அந்த மீனைச் சுமக்கும் வண்டியின் பிறேக்கிற்கும் ஏன் கேட்கக்கூடாது? பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அதன் தூசு புற்றுநோய் தருவது. டிரம்மைத் திறந்து அத்தூசைக் காற்றடித்து ஊதும் பயிற்சிப் பையனின் நுரையீரலுக்கு யார் பொறுப்பு? தெரியாதவரின் உயிரைக் காக்கும் கைகளைக் காக்கும் கடமை நமக்கு இல்லையா?

அன்றிரவு அந்த வண்டி புறப்படவில்லை. வியாபாரிக்கு ஒருநாள் உழைப்புப் போயிற்று. மெக்கானிக் தம் பெயரில் கடனெழுதிப் புதிய லைனிங்கும் சீலும் வாங்கி வந்தார். கூலி பிறகு பார்க்கலாம் என்றார். அந்த இழப்பினால் காப்பாற்றப்பட்டவர் யார்? எவரும் அறியார்; காப்பாற்றப்பட்டவரும் அறியார். ஒருவேளை அது நீங்களாக இருக்கலாம், நானாக இருக்கலாம். அப்படியாயின், இரண்டு உழைப்பாளிகள் தனித்துச் சுமந்த அந்தக் கடனில் நம்முடைய பங்கை நாம் எப்பொழுது செலுத்தப் போகிறோம்?