பெயரும் பெயருக்குரியோரும்

அரபுக் கல்வியின் தொடக்க நாள்களில் மாணவன் கற்றுக்கொள்ளும் சொற்களுள் ஒன்று ‘இஸ்ம்’. பெயர் என்பது அதன் பொருள். சில ஆண்டுகள் கழிந்து, இலக்கண நூல்களைக் கடந்து கொள்கை நூல்களுக்குள் அவன் அடியெடுத்து வைக்கும்போது, அதே சொல் ஒரு வினாவாக அவன் முன் வந்து நிற்கின்றது. பெயரும், அப்பெயரைத் தாங்கிய பொருளும் ஒன்றா? அன்றி வேறு வேறா? ‘இஸ்ம்’, ‘முஸம்மா’ என்னும் இவ்விரண்டைப் பற்றி முன்னோர் நீண்ட வாதங்கள் நிகழ்த்தியுள்ளனர். மாணவர் பலர் இதனை வெறும் சொற்போர் என்றெண்ணிக் கடந்து விடுகின்றனர். நாமும் அவ்வாறு எண்ணிய காலம் உண்டு.

ஆயினும், உலகியலைச் சிறிது கூர்ந்து நோக்கினால் இவ்வினா ஏட்டோடு நின்றுவிடுவதன்று என்பது புலனாகும். மனிதர்கள் பெயரை நம்பியே பொருள் வாங்குகின்றனர். பெயரை நம்பியே கடன் கொடுக்கின்றனர். பெயரை நம்பியே சம்பந்தம் பேசுகின்றனர். அப்பெயர் யாருடையது? ஈட்டியவர் மறைந்த பின்னர் அது யாரைச் சேரும்? அதன்மீது படிந்த கறையைத் துடைக்க வேண்டியவர் யார்?

இவ்வினாக்களுக்கு விடை தேட, ஜெர்மனி நாட்டுக் கார் உற்பத்தி நிறுவனமான வோல்க்ஸ்வாகனின் வரலாற்றை ஈண்டு எடுத்துக் கொள்கின்றோம். ‘மக்களின் வண்டி’ என்பது அப்பெயரின் பொருள். ஒரே பெயர் எத்தனை முறை பொருள் மாறக்கூடும் என்பதற்கு இது தக்கதொரு சான்று.

ஹிட்லரின் விருப்பத்திற்கிணங்க, எளிய குடும்பமும் வாங்கத்தக்க ஒரு காரை வடிவமைக்கும் பணி 1934-இல் பொறியாளர் ஃபெர்டினாண்ட் போர்ஷேயிடம் ஒப்படைக்கப்பட்டது. 1937 மே மாதத்தில் நிறுவனம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தது நாஜிக் கட்சியைச் சார்ந்த ‘ஜெர்மன் தொழில் முன்னணி’ என்னும் அமைப்பு. 1933-இல் தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டபோது அவற்றின் உடைமைகளை எடுத்துக்கொண்ட அமைப்பு அது. அவ்வாறு பறித்த செல்வமும் புதிய தொழிற்சாலையின் முதலீட்டில் கலந்தது. 1938 மே 26 அன்று ஃபாலர்ஸ்லேபன் என்னும் ஊரின் அருகே ஹிட்லரே அடிக்கல் நாட்டினார்.

காரின் விலை 990 மார்க் என்று அறிவிக்கப்பட்டது. வாரந்தோறும் 5 மார்க் செலுத்தி, அதற்குரிய வில்லையை அட்டையில் ஒட்டி வந்தால், தொகை நிரம்பியதும் கார் கிடைக்கும் என்பது வாக்குறுதி. ஏறத்தாழ 3,36,000 பேர் அத்திட்டத்தில் சேர்ந்தனர். 1939-இல் போர் மூண்டது. தொழிற்சாலை படை வண்டிகளைச் செய்யத் திரும்பியது. பணம் செலுத்தியவர்களுள் ஒருவருக்கேனும் கார் கிடைக்கவில்லை.

இதனினும் கொடியது சுவர்களுக்குள்ளே நடந்தது. போர்க் கைதிகள், வதை முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், கைப்பற்றப்பட்ட நாடுகளின் ஆண்கள், பெண்கள் என ஏறத்தாழ 20,000 பேர் அங்குக் கட்டாய வேலை செய்தனர். போலந்து, சோவியத் நாட்டுப் பெண்கள் ஈன்ற குழந்தைகள் தாயரிடமிருந்து பிரிக்கப்பட்டு, ‘குழந்தைகள் இல்லம்’ எனப் பெயரிடப்பட்ட ஓரிடத்தில் வைக்கப்பட்டன. அழுக்கிலும் நோயிலும் கவனிப்பின்மையிலும் முந்நூறுக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் மடிந்தன. அதற்குப் பொறுப்பாயிருந்த மருத்துவரைப் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றம் விசாரித்துத் தூக்கிலிட்டது. ‘இல்லம்’ என்பது பெயர், பொருளோ இடுகாடு. பெயரும் பொருளும் ஒன்றே எனக் கூறுவோர் இவ்விடத்தில் சற்று நின்று செல்லட்டும்.

1945-இல் போர் முடிந்தது. குண்டுவீச்சால் சிதைந்த அத்தொழிற்சாலை பிரிட்டிஷ் படையின் பொறுப்பில் வந்தது. மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் என்னும் பொறியாளர் அதனை இடித்தெறிய விடாமல் மீண்டும் இயக்கினார். 1948-இல் ஹைன்ரிஷ் நோர்டாஃப் தலைமைப் பொறுப்பேற்றார். 1949-இல் நிறுவனம் ஜெர்மானியர் கைக்கு மீண்டது. பின்புறம் எஞ்சின், அதைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம், காற்றே போதும், ஆதலால் கோடையில் கொதிப்பதுமில்லை, குளிரில் உறைவதுமில்லை. உருவத்தை மாற்றாது உள்ளுறுப்புகளை ஆண்டுதோறும் திருத்திக்கொண்டே வந்தனர். வண்டியை விற்கும் முன்னர், அதைப் பழுது பார்க்கும் இடத்தையும் உதிரிப் பாகங்களையும் ஆயத்தம் செய்தனர். 1955-இல் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது. 1972-இல் ஃபோர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ காரின் எண்ணிக்கையை அது விஞ்சியது. 2003-இல் மெக்சிகோவில் கடைசி வண்டி உருவானபோது மொத்தம் 2 கோடியே 15 இலட்சத்தைக் கடந்திருந்தது. வண்டைப் போன்ற உருவினால் உலகம் அதனை ‘பீட்டில்’ என்று செல்லமாக அழைத்தது.

1960-இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வந்தது. அழகிய காரின் படம். அதன் கீழே ‘பழுதான சரக்கு’ எனப் பொருள்படும் ஒற்றைச் சொல். உள்ளே கையுறைப் பெட்டியின் விளிம்பிலுள்ள உலோகப் பட்டையில் சிறு வடு இருந்ததாம். ஆதலால் அவ்வண்டியை மேற்பார்வையாளர் ஒதுக்கிவிட்டாராம். தன் குறையைத் தானே சொல்லும் வணிகன் எத்துணை உண்மையுள்ளவன் என்று மக்கள் வியந்தனர். அவ்விளம்பரத்தை ஆக்கிய நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான வில்லியம் பெர்ன்பாக் யூதர் என்பதையும் கருதுக. ஹிட்லர் அடிக்கல் நாட்டிய பெயர், இருபத்திரண்டு ஆண்டுகளில் நேர்மைக்கு மறுபெயராகிவிட்டது.

இனி வினாவுக்கு வருவோம். புதிய தலைமுறையினர் தம் உழைப்பால் ஈட்டிய இந்நற்பெயருக்கு முன், பழைய குற்றங்களின் நிலை என்ன? ‘அவை வேறொரு கொடிய ஆட்சியின் செயல்கள், நாங்கள் வேறு மனிதர்கள்’ என்று நிறுவனத்தார் கூறினால் அது தகுமா?

இதில் பாதி உண்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. குற்றம் என்பது செய்தவனுடையது. தந்தையின் களவுக்காக மகனின் கரத்தை எந்த நீதியும் கேட்பதில்லை. ஆயினும், குற்றம் வேறு, கடன் வேறு. பாகப்பிரிவினைக் கலையாகிய ‘ஃபராயிள்’ பயின்றோர் இவ்வேறுபாட்டை நன்கு அறிவர். ஒருவர் இறந்தால் அவருடைய சொத்து நேரே மக்களின் கைக்குப் போய்விடுவதில்லை. அடக்கச் செலவு கழியவேண்டும், பின்னர்க் கடன்கள் தீரவேண்டும், வஸிய்யத் நிறைவேற வேண்டும், எஞ்சியதே வாரிசுகளுக்கு. தந்தை விட்டுச் சென்ற பொருளுக்கு மேல் ஒரு காசும் மகன் தன் கைப்பொருளிலிருந்து தரவேண்டும் எனச் சட்டம் வற்புறுத்துவதில்லை. ஆனால், சொத்தை மட்டும் எனக்குத் தாருங்கள், கடனைத் தந்தையோடு புதைத்து விடுங்கள் என்று அவன் சொல்ல இயலாது.

பெயரும் ஒரு சொத்தே. தொழிற்சாலை, வடிவமைப்பு, பெயர் ஆகிய மூன்றையும் புதிய நிறுவனம் பழையதிடமிருந்தே பெற்றது. அவற்றை வைத்துப் பொருளீட்டியது. அங்ஙனமாயின் அவற்றோடு ஒட்டிய கடனும் அதனையே சாரும்.

வாரந்தோறும் வில்லை ஒட்டியவர்கள் போருக்குப் பின் நீதிமன்றம் ஏறினர். ‘உங்கள் பணத்தை வாங்கியவர் நாங்கள் அல்லர்’ என்று நிறுவனம் வாதிட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 1961-இல் சமரசத்தில் முடிந்தது. புதிய கார் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி. வேண்டாதவர்க்கு 100 மார்க் வரை ரொக்கம். கட்டாய வேலை செய்தவர்களோ இன்னும் நெடுங்காலம் காத்திருந்தனர். 1986-இல் தன் பழைய வரலாற்றை ஆராயுமாறு ஹான்ஸ் மோம்சன் என்னும் வரலாற்றறிஞரை நிறுவனம் கேட்டுக்கொண்டது. 1996-இல் அவ்வாராய்ச்சி பெரும் நூலாக வெளிவந்தது. வழக்குகள் எழுந்த சூழலில், 1998-இல் 2 கோடி மார்க் கொண்ட உதவி நிதி அமைந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் முதியோர் அதனால் பயன் பெற்றனர். 1999-இல் தொழிற்சாலையின் பழைய பதுங்கு அறை ஒன்றிலேயே நினைவிடமும் திறக்கப்பட்டது. தன் கறையைத் தானே எழுதி வைக்கச் செய்த இச்செயல் பாராட்டத்தக்கதே. ஆயினும் கடன் தீர்ந்த நாளில் கடன் கொடுத்தோருள் பெரும்பாலோர் மண்ணுக்குள் இருந்தனர். தாமதமும் ஒருவகை மறுப்பே என்பதை நாம் மறத்தலாகாது.

கதை இத்துடன் முடிந்திருந்தால், பிழை செய்தோர் திருந்திய வரலாறாக இதனைச் சொல்லி அமைந்திருப்போம். ஆனால் நினைவிடம் திறந்து பத்தாண்டுகள் நிறைவதற்குள் அதே பெயரின் கீழ் வேறொரு வஞ்சகம் கருக்கொண்டது.

டீசல் எஞ்சினின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் உள்ளன. அவை மூச்சுக் குழலைத் தாக்கி ஆஸ்துமா போன்ற நோய்களை மிகுவிப்பவை. அமெரிக்கா விதித்த கடுமையான அளவுக்குள் அப்புகையை அடக்கக் கூடுதல் செலவும் கருவிகளும் தேவைப்பட்டன. அச்சுமையை ஏற்பதற்கு மாறாக, எஞ்சினை ஆளும் கணினியில் ஒரு சூழ்ச்சி வைக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் காரை உருளைகள் மேல் நிறுத்திச் சோதிப்பர். அங்கே சக்கரம் சுழலும், ஸ்டீயரிங் திரும்பாது. இத்தகைய குறிகளைக் கொண்டு, தான் சோதிக்கப்படுவதைக் கணினி உணர்ந்துகொள்ளும். உடனே புகையை அடக்கும். சாலைக்கு வந்ததும் அவ்வடக்கத்தைக் கைவிடும். அவ்வண்டிகளைத்தாம் ‘தூய டீசல்’ என்று விளம்பரம் செய்தனர்.

மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டான் கார்டர் தலைமையிலான சிறு ஆய்வுக் குழுவினர், அளவுக் கருவிகளை வண்டியிலேயே ஏற்றிக் கலிஃபோர்னியாவின் சாலைகளில் ஓட்டிப் பார்த்தனர். அர்விந்த் திருவேங்கடம் என்பவரும் அக்குழுவில் ஒருவர். யாரையும் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் புறப்படவில்லை. ஆயினும் சோதித்த கார்களுள் ஒன்று, விதித்த அளவினும் பதினைந்து முதல் முப்பத்தைந்து மடங்கு வரை நச்சுப் புகையைக் கக்கியது. 2014-இல் அவ்வறிக்கை வெளிவந்தது. ஓராண்டுக்கு மேல் நிறுவனம் சாக்குப்போக்குச் சொல்லியது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குற்றத்தை வெளிப்படையாக அறிவித்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அம்மென்பொருள் இருந்தமை தெரியவந்தது. தலைவர் பதவி விலகினார். 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

நம்மிடம் ஓதும் சிறுவர்களை நாம் எண்ணிப் பார்க்கின்றோம். உஸ்தாதின் செருப்போசை தாழ்வாரத்தில் கேட்டதும் ஓதும் குரல் ஓங்கும். ஓசை அகன்றதும் ஓய்ந்துவிடும். பிறர் காண்பதற்காகச் செய்யும் நன்மைக்கு அரபு மொழியில் ‘ரியா’ என்று பெயர். சிறுவனிடம் அது பலவீனம், வளர்ந்தால் திருந்துவான். ஆனால் கற்றறிந்த பொறியாளர்கள் கூடி, இரும்புக்கும் கணினிக்கும் ரியாவைக் கற்றுக்கொடுத்தனர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகின்றது. வஞ்சிக்கப்பட்டவர் அதிகாரிகள் மட்டும் அல்லர். அச்சாலைகளின் ஓரத்தில் வாழ்ந்து, அக்காற்றை உட்கொண்டு, தம் இருமலுக்குக் காரணம் அறியாத மக்களும் வஞ்சிக்கப்பட்டனர். அவர்களுக்குப் பெயர்கூட இல்லை. நற்பெயர் தாங்கியவர் செய்யும் தீங்கு பெரும்பாலும் பெயரற்றவர் மேலேயே விழுகின்றது.

இவ்வளவுக்குப் பின் மக்கள் அப்பெயரை வெறுத்து ஒதுக்கினரா? இல்லை. அடுத்த ஆண்டாகிய 2016-இல் ஒரு கோடிக்கு மேற்பட்ட வண்டிகளை விற்று, உலகக் கார் நிறுவனங்களுள் முதலிடத்தைப் பெற்றது அக்குழுமம். உண்மையுள்ள பல்லாயிரம் தொழிலாளர் அறுபது ஆண்டுகளாகத் திருகிய ஒவ்வொரு திருகும் ஈட்டிக் கொடுத்த நம்பிக்கை அது. சிலர் அதனைச் செலவழித்தனர். அதன் பின்னரும் அது தீரவில்லை. இது நமக்கு ஆறுதல் அன்று, எச்சரிக்கையே. நற்பெயர் ஒருவரின் நேர்மைக்குச் சான்று ஆவதில்லை. முன்பு யாரோ நேர்மையாக இருந்தனர் என்பதற்கே அது சான்று. ஒரு குற்றத்துக்கு நினைவிடம் எழுப்புவதும் மறு குற்றத்தினின்று காக்கும் காப்பு ஆகாது.

தொடங்கிய வினாவுக்கு நம்மால் இயன்ற விடை இதுவே. பெயரும் பெயருக்குரியவரும் ஒன்றும் அல்லர். முற்றிலும் வேறும் அல்லர். பெயர் என்பது, பிறர் நம்மிடம் ஒப்படைத்து வைத்துள்ள அமானிதம். நம்மை அழைப்போரின் நாவிலும் நினைவிலும் அது வாழ்கின்றது. நம் கையில் இருப்பது அதைக் காக்கும் பொறுப்பு மட்டுமே. அமானிதத்தைப் பெற்றவன் அதன் பயனை எடுத்துக்கொண்டு பொறுப்பை மறுத்தால், அவனை நாம் என்ன சொல்லி அழைப்போம் என்பது யாவரும் அறிந்ததே.

வாசகர்கள் இதனைத் தொலைநாட்டுக் கதையென்று தள்ளிவிட வேண்டாம். பாட்டனார் பெயர் எழுதிய பலகையின் கீழ் கடை நடத்துவோர் நம்மிடையே பலர். பெரியார் ஒருவர் கட்டிய மத்ரஸாவின் பெயரால் மதிக்கப்படுவோரும் உள்ளோம். இதை எழுதும் நாமும் அவர்களுள் சேர்ந்தோரே. அப்பெயர்களை ஈட்டியவர்கள் மண்ணுக்குள் உறங்குகின்றனர். இன்று நாம் உண்பது அவர்கள் விதைத்ததை. அவர்கள் தீர்க்காது சென்ற கடன் எதுவும் உண்டா என்று நம்முள் எத்தனை பேர் பழைய கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கின்றோம்? செருப்போசை கேளாத நேரத்தில் நம் ஓதல் எவ்வாறு இருக்கின்றது? இவ்விரு வினாக்களையும் முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்கின்றோம்.