யார் கேட்கும் உண்மை?

ரியாலிட்டி ஷோக்கள் இளைஞர்களைக் கெடுக்கின்றன என்பவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய ஆசையைத்தான் குறை சொல்கிறார்கள். உழைக்காமல் புகழ் வேண்டுமாம், எல்லாவற்றையும் போட்டியாகப் பார்க்கிறார்களாம். ராசிபுரத்தை அடுத்த ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்தக் குற்றச்சாட்டில் பாதிகூட ஒப்பவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துக்குப் போட்டியைத் தொலைக்காட்சி வந்து கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டு உறைவிடப் பள்ளிகள் அதை முன்பே செய்துவிட்டன. விடியும் முன் எழுப்பிப் படிக்க வைத்தார்கள். ஓயாமல் தேர்வு வைத்தார்கள். முதலிடம் பெற்ற பிள்ளையின் படத்தைச் சாலையோரம் பிளக்ஸாக நிறுத்தினார்கள். 2017 மே மாதம், பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு கைவிட்டது. அதே ஆண்டு ஜூன் 25ஆம் தேதி விஜய் டிவியில் பிக் பாஸ் தமிழ் தொடங்கியது. தற்செயல்தான். ஆனாலும், ஒவ்வொருவராக வெளியேற்றிக் கடைசியில் ஒருவரை மட்டும் கொண்டாடும் விளையாட்டு எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதாக இருந்திருக்காது.

புகழ் ஆசையிலும் எனக்குப் புகார் இல்லை. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கும் அம்மாவின் மகள், தன் முகம் நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தால் அதில் என்ன இழிவு? அதையே ஒரு பையன் சொன்னால் லட்சியம் என்கிறோம். பெண் சொன்னால், ‘வெளம்பரம் தேடறா’ என்கிறோம்.

எனக்குக் கவலை தருவது இந்த நிகழ்ச்சி கற்றுத்தரும் ஒரு நல்ல குணம். அதன் பெயர் உண்மையாக இருத்தல். மாணவிகள் ‘ஜென்யூன்’ என்கிறார்கள். 1999இல் நெதர்லாந்தில் தொடங்கிய ‘பிக் பிரதர்’ நிகழ்ச்சியின் வழிவந்தது பிக் பாஸ். வீடெங்கும் கேமரா, ஒளிய இடமில்லை. அங்கே நடிக்காதவர் நல்லவர், நடிப்பவர் கெட்டவர். இதுதான் பார்ப்பவர்கள் எளிதில் பிடித்துக்கொண்ட அறம். முதல் சீசனில் ஓவியா மனதில் பட்டதைப் பேசுகிறார் என்று கொண்டாடப்பட்டார். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் வழியே அறிமுகமான செவிலியர் ஜூலியோ ‘போலி’ ஆனார். ஓவியாவைப் பற்றி அவர் சொன்னது உண்மையில்லை என்பதைக் கமல்ஹாசன் பதிவைப் போட்டுக்காட்டி நிறுவினார். ‘குறும்படம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் புதுப் பொருள் பிறந்தது அப்போதுதான். அடுத்தவர் மீது சொன்ன பொய் அம்பலமானதில் தவறில்லை. ஆனால் அந்தச் சொல் அந்த வீட்டோடு நிற்கவில்லை. ‘குறும்படம் போடட்டுமா?’ என்று இன்று விடுதி அறைகளில் பெண்களே பெண்களைக் கேட்கிறார்கள். விளையாட்டாகத்தான், பல நேரம் விளையாட்டாக மட்டும்தான்.

ஒரு முறை அது விளையாட்டாக இல்லை. வேறு சாதிப் பையனோடு பேசிக்கொண்டிருந்த ஒரு மாணவி, வீட்டில் அப்படி எதுவுமில்லை என்று சொல்லிவந்தாள். அறைத்தோழி அவள் பேசுவதைப் பதிவுசெய்து அவளுடைய அண்ணனுக்கு அனுப்பினாள். பருவத்தின் நடுவிலேயே வந்து அழைத்துப்போனார்கள். படிப்பு அதோடு முடிந்தது. சில மாதங்களில் கல்யாணம். பதிவுசெய்த பெண்ணிடம் கேட்டேன். “நான் உள்ளதத்தானுங்க மேம் காட்டுனேன். இட்டுக்கட்டி ஒண்ணும் சொல்லலீங்க. அவதான் ரெண்டு மூஞ்சி வச்சுக்கிட்டு நடிச்சா” என்றாள். பொறாமையோ பகையோ அவள் குரலில் இல்லை. சரியானதைச் செய்துவிட்ட நிம்மதி இருந்தது.

அந்த நிம்மதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. வாய்மை எது என்று சொல்லவந்த வள்ளுவர், நடந்ததை நடந்தபடி ஒப்பிப்பது என்று நிறுத்திக்கொள்ளவில்லை. யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாத பேச்சு என்றார். இதை நான் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அடுத்தவளைக் காயப்படுத்தச் சொன்ன பொய்யும், தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்ன பொய்யும் கேமராவுக்கு ஒன்றுதான். மனிதருக்கும் ஒன்றாகிவிடலாமா?

பிக் பாஸ் வீட்டுக்குள் போகிறவர் சம்மதித்துப் போகிறார், சம்பளம் வாங்குகிறார். எங்கள் ஊர்ப் பெண் எதற்கும் கையெழுத்துப் போடவில்லை. பேருந்து நிறுத்தம், பால் சொசைட்டி, கோயில் வாசல் என்று எங்கும் அவள்மீது கண்கள் இருக்கின்றன. அவளைப் பார்க்கும் அண்ணன் சாயங்காலம் எங்கே போகிறான் என்று எவரும் குறும்படம் போடுவதில்லை. இரண்டு முகம் வைத்திருப்பது அவளுடைய ஒழுக்கக்கேடு அல்ல, ஒரே முகத்தோடு வாழ இடம் கொடுக்காதவர்களிடமிருந்து தப்பிக்கும் வழி.

‘அப்படியானால் ஒளிந்து வாழச் சொல்வதா பெண்ணியம்?’ என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. ஓவியாவிடம் என் மாணவிகள் கண்டது ஊர்வாய்க்கு அஞ்சாத ஒரு பெண்ணை. அந்த ஈர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் வெளிப்படையாக வாழ்வது அவளுடைய உரிமை. அதை அவளுடைய கடமையாக்கி, தவறினால் தண்டிப்பது அதே பழைய காவல்தான்.

இதைவிடக் கடினமான கேள்வியை எங்கள் மண்ணே கேட்டிருக்கிறது. 2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், தன்னோடு படித்த வேறு சாதிப் பெண்ணுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தவர்கள் அவரைக் கடத்திப்போய்க் கொன்றார்கள். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கோயில் கேமராவின் பதிவு அந்த வழக்கின் முக்கியச் சாட்சியம். அந்தப் பெண்ணோ பிறழ்சாட்சி ஆனார். உயர் நீதிமன்றம் பதிவைக் காட்டியபோதும் அதில் இருப்பது தான் இல்லை என்றார். அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் ஊகிக்க மாட்டேன். ஆனால் அங்கே உண்மை கொல்லப்பட்டவருக்கும் அவர் தாய்க்கும் சேர வேண்டியிருந்தது. அந்த இடத்தில் கேமராவின் பக்கம்தான் நானும் நிற்பேன்.

ஆக, பொய் நல்லது என்பதல்ல என் கட்சி. உண்மையைக் கேட்பது யார், அதை வைத்து என்ன செய்வார், விலை கொடுக்கப்போவது யார் என்ற மூன்றையும் கேட்காமல் உண்மையை ஒப்படைக்கக் கூடாது என்பதுதான். கொலையாளிகளைத் தேடும் நீதிமன்றமும், தங்கையின் கைபேசியைத் தேடும் அண்ணனும் ஒரே உண்மையைக் கேட்கவில்லை.

தோழியின் ரகசியத்தை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும் பெண்ணுக்கு எந்த நிகழ்ச்சியிலும் வாக்கு விழாது. அவள் காப்பாற்றியதைக் காட்டவே முடியாது, காட்டினால் அது ரகசியமாக இருக்காது. வகுப்பறையிலாவது நாம் அந்தக் குணத்தைப் பேசிப் பழக்க வேண்டும். இல்லையென்றால், உள்ளதைச் சொன்ன நிம்மதியோடு நம் பெண்களே ஒருவரையொருவர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.