சிக்கனம் எவருடைய அறம்?

எரிபொருட் சிக்கனம் இன்று எல்லோரும் போற்றும் நற்பண்பாகிவிட்டது. அரசாங்கங்கள் அதனை உபதேசிக்கின்றன. கார்க் கம்பனிகள் அதனை விளம்பரம் செய்கின்றன. வேகத்துக்கென்றே வடிக்கப்படும் ஸ்போட்ஸ் காரைக்கூட, அது லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று புகழ்ந்து விற்கும் காலம் இது. மறுபுறத்தில், நெடுந்தீவு மீனவன் மண்ணெண்ணெயைத் துளித்துளியாகக் கணக்கிட்டுக் கடலுக்குப் போகிறான். இவ்விரண்டையும் நாம் ஒரே சொல்லாற் குறிக்கின்றோம். ஆனால், இவை இரண்டும் ஒரே அறந்தானா? இக்கேள்வியை ஆராய்வதே நமது நோக்கம்.

முதலில் ஸ்போட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை வழியாக வேலணைக்கும், அங்கிருந்து புங்குடுதீவுக்கும் செல்லும் வீதி, கடலின் நடுவே மேடு பள்ளமின்றி நீண்டு கிடக்கிறது. சிக்கனமாகக் கார் ஓட்டுவதற்கு இதனினும் சிறந்த வீதி அரிது. ஏற்றமில்லை, அடிக்கடி நிறுத்தவேண்டிய அவசியமுமில்லை. ஆனால், காற்று இருக்கிறது. வேகம் இரு மடங்கானால், காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்ல எஞ்சின் வழங்கவேண்டிய வலு எட்டு மடங்காகும். பத்துக் கிலோமீற்றர் தூரத்தை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் கடக்கப் பத்து நிமிடம் செல்லும். 120 கிலோமீற்றர் வேகத்திற் கடக்க ஐந்து நிமிடம் போதும். மிச்சமாகும் அந்த ஐந்து நிமிடத்துக்காகக் காற்றுடன் மட்டும் நான்கு மடங்கு சக்தியைச் செலவிடவேண்டும்.

ஸ்போட்ஸ் காரின் தாழ்ந்த உருவம் காற்றைக் கிழித்துச் செல்ல உதவுவது உண்மையே. மெதுவாக ஓடும்போது சில சிலிண்டர்களை உறங்கவைக்கும் ஏற்பாடும் சில கார்களில் உண்டு. எனினும், பெரிய எஞ்சினும் அகன்ற ரயர்களும் அந்த இலாபத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. ஆகவே, அக்காரிற் சிக்கனம் என்பது பெரும்பாலும் ஓட்டுபவரின் வலது பாதத்திலேயே தங்கியிருக்கிறது. பாதத்தைத் தளர்த்தினால் சிக்கனம், அழுத்தினால் ஊதாரித்தனம். விரும்பியபோது மேற்கொள்ளவும் விரும்பாதபோது கைவிடவும் கூடிய சிக்கனம் அது. அதனை நாம் இகழவில்லை. ஆனால், அதனால் அவர் இழப்பது ஐந்து நிமிடம் மட்டுமே என்பதை மறந்துவிடலாகாது.

இனி, வேறொரு சிக்கனத்தைப் பார்ப்போம். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் வருவது தடைசெய்யப்பட்டது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களும் குடாநாட்டு மக்களோடு அத்தடையின் பாரத்தைச் சுமந்தனர். அக்காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆகவே, கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கிச் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு பிறந்தது. போத்தலின் அடியிற் பஞ்சை இட்டு, அது ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்விற் செருகிய நூலைத் திரியாக்கினார்கள். போத்தலே சிமினியாகவும் அமைந்தது. அந்த வெளிச்சத்திலேயே ஒரு தலைமுறை மாணவர் பரீட்சைக்குப் படித்தனர்.

உலகின் எந்தக் கார்க் கம்பனியும் சாதிக்காத சிக்கனம் இது. ஆயினும், இதனை நற்பண்பு என்று நாம் கொண்டாடலாமா? கொண்டாடலாகாது என்பதே நமது கருத்து. அந்த விளக்கைச் செய்த கைகளின் திறமை போற்றுதற்குரியது. அதனைச் செய்யும்படி நிர்ப்பந்தித்த நிலைமை போற்றுதற்குரியதன்று. மறுத்துவிடும் சுதந்திரம் உள்ளவனிடத்திலேதான் சிக்கனம் அறமாகும். அச்சுதந்திரம் இல்லாதவனிடத்தில் அது வெறும் இல்லாமையே. பட்டினி கிடப்பவனை நோன்பாளி என்று புகழ்வது அவனது பசியைப் போக்காது. பட்டினி போட்டவனின் குற்றத்தை மறைக்கவே அது உதவும். 'எம்மவர் எதையும் தாங்குவர்' என்று பெருமை பேசும்போது, அறியாமலேயே நாமும் அக்குற்றத்துக்குத் திரை பிடிக்கின்றோம்.

நிர்ப்பந்தத்தின் மற்றொரு வடிவத்தை இலங்கை முழுவதும் 2022இற் கண்டது. அந்நியச் செலாவணி வற்றியது. எரிபொருள் நிலையங்களின் முன்னே மக்கள் நாட்கணக்கிற் காத்துக் கிடந்தனர். அவ்வாண்டு ஜூலையில் கியூஆர் அட்டை மூலம் வாராந்தப் பங்கீடு அறிமுகமாயிற்று. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என வகுக்கப்பட்டது. வரிசைகளின் கொடுமையை அது குறைத்தது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால், அப்பங்கீட்டின் அளவுகோல் வாகனமேயன்றி மனிதனல்லன். பெரிய வாகனம் உள்ளவருக்குப் பெரிய பங்கு. ஒன்றுமே இல்லாதவருக்குப் பங்கே இல்லை. அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. சிறு வள்ளங்களின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஆகவே, அந்த விலையுயர்வு தீவக மீனவனின் கடற்பயணத்தையே நேராகத் தாக்கிற்று. அவன் எந்தப் பாதத்தைத் தளர்த்தி எண்ணெயை மிச்சப்படுத்துவது?

பற்றாக்குறையை வேறு வகையாகப் பகிரவும் முடியும் என்பதற்கு வரலாற்றில் உதாரணம் உண்டு. 1973இல் எண்ணெய் நெருக்கடி ஐரோப்பாவைத் தாக்கியபோது, சுவிற்சர்லாந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிற் கார்கள் ஓடுவதைத் தடைசெய்தது. மேற்கு ஜேர்மனியும் காரில்லா ஞாயிறுகளை அறிவித்ததோடு, வேகக் கட்டுப்பாடில்லாத தனது நெடுஞ்சாலைகளிலும் மணிக்கு 100 கிலோமீற்றர் என்ற எல்லையைத் தற்காலிகமாக விதித்தது. இன்று புங்குடுதீவார் பலர் வாழும் அந்தச் சுவிற்சர்லாந்திலே, அந்த ஞாயிறுகளில் விலையுயர்ந்த காரும் மலிவான காரும் ஒரேவிதமாக வீட்டில் நின்றன. ஐரோப்பாவை இலட்சிய பூமியாகக் காட்டுவது நமது நோக்கமன்று. வேகம் என்ற ஆடம்பரத்தை முதலில் வெட்டுவதா, விளக்கு என்ற அவசியத்தை முதலில் வெட்டுவதா என்பது இயற்கை விதிக்கும் முடிவன்று. மனிதர் செய்யும் தெரிவு. அதனையே இவ்வுதாரணம் காட்டுகிறது.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடலாம்: 'எஞ்சின்கள் திறமையடைந்து வருகின்றன, தனிமனிதரும் சிக்கனமாக ஓட்டுவாராயின் பிரச்சினை தானே தீர்ந்துவிடாதா?' தீராது. நிலக்கரிப் பிரச்சினை பற்றி 1865இல் நூல் எழுதிய ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ், நீராவி எஞ்சின் சிக்கனமடைய அடைய நிலக்கரியின் நுகர்வு கூடியதேயன்றிக் குறையவில்லை என்று எடுத்துக்காட்டினார். செலவு குறைந்தால், அப்பொருளை மேலும் பல வழிகளிற் பயன்படுத்தி இலாபம் தேடுவதே சந்தையின் இயல்பு. வாங்கும் சக்தியே பங்கீட்டைத் தீர்மானிக்கும் சமூகத்தில், ஸ்போட்ஸ் கார் ஓட்டுபவர் மிச்சம்பிடித்த ஒரு லீற்றர், நெடுந்தீவு மீனவனின் வள்ளத்துக்குத் தானாக வந்து சேர்வதில்லை.

அவ்வாறாயின் அளவுகோலை மாற்றவேண்டும். ஒரு லீற்றரில் ஒரு கார் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேளாமல், ஒரு லீற்றர் எத்தனை மனிதரைச் சுமக்கும் என்று கேட்போம். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் காரில் ஒருவர் செல்கிறார். லீற்றருக்கு 4 கிலோமீற்றர் மட்டுமே ஓடும் பஸ்ஸில் நாற்பது பேர் செல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லீற்றரால் காரில் ஒருவர் 10 கிலோமீற்றர் செல்கிறார். பஸ்ஸிலோ, ஒவ்வொருவரின் பயணத்தையும் கூட்டினால் 160 கிலோமீற்றர் ஆகிறது. ஊர்காவற்றுறைக்குச் செல்லும் பஸ்ஸைப் பார்த்து 'எண்ணெய் குடிக்கும் பழைய இரும்பு' என்று நகைப்பவர் இந்தக் கணக்கைச் செய்து பார்க்கட்டும்.

ஆனால், இந்தக் கணக்கும் போதாது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் பாலம் இல்லை. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவை அடையப் படகிலே ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். பல தசாப்தங்களாக அம்மக்களைச் சுமந்த குமுதினிப் படகின் பயணங்களை, தலைக்கு இத்தனை லீற்றர் என்று மட்டும் அளந்திருந்தால், கணக்கர் ஒருவர் பாதியை நிறுத்தச் சொல்லியிருப்பார். ஆயினும், பிரசவ வேதனையில் ஒரு பெண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டு புறப்படும் படகு ஒரு துளியையேனும் வீணாக்குவதில்லை. நிறைந்த படகு சிக்கனம், வெறும் படகு விரயம் என்பது வியாபாரியின் நியாயம். வேறு வழி இல்லாதவரின் தேவைக்கே முதலுரிமை என்பது அறத்தின் நியாயம். ஸ்போட்ஸ் கார்க்காரருக்கு வேறு வழிகள் உண்டு. தீவு மக்களுக்குக் கடல் ஒன்றே வழி.

தீவுகளின் மின்சாரக் கதையும் இதையே கூறுகிறது. நெடுந்தீவில் எரிந்த டீசல், கடலைக் கடப்பதற்கும் எரிபொருளைச் செலவிட்டே வந்து சேர்ந்தது. வெயிலும் காற்றும் குறைவில்லாத அத்தீவுகளில் அவற்றைக்கொண்டே மின்சாரம் பெறலாம் என்பது வெளிப்படை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான அத்திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியாவின் ஆட்சேபத்தின் பின் கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையின் கீழ் வேறொரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இரு வல்லரசுகளின் போட்டியிற் கழிந்த அவ்வாண்டுகளில், தீவு மக்களின் சம்மதத்தை எவர் கேட்டார்?

வேகத்தில் இளைஞர் காணும் மகிழ்ச்சியை நாம் பழிக்கவில்லை. நல்ல இயந்திரம் மனித உழைப்பின் அழகான படைப்பே. அம்மகிழ்ச்சி எல்லோருடைய விளக்கும் எரிந்த பின்னர் வரட்டும் என்றே கேட்கின்றோம். சிக்கனத்தை உபதேசிப்பவர் முதலில், எவரிடம் எதை விட்டுக்கொடுக்கும்படி கேட்கிறார் என்பதைச் சொல்லவேண்டும்.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் ஓடும் கார், இத்தனை கிலோமீற்றர் செல்ல எத்தனை லீற்றர் வேண்டும் என்ற கணக்கை வகுப்பிற் கொடுக்கின்றோம். விடை வந்தபின், அதன் கீழே இன்னொரு வினாவையும் சேர்த்து எழுதுவோம்: அத்தனை லீற்றர் குறிகட்டுவான் துறையில் இருந்திருந்தால், அன்றைக்கு யார் யார் வீடு சேர்ந்திருப்பார்கள்?